எம்எஸ்/டிபி: ஒயர்மேல் குறையில்லை, 127 மேல்தான் கோபம்

பழுதான கன்ட்ரோலரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டிய பிறகு வரும் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டிரங்க் (எல்லா கன்ட்ரோலரையும் கோக்கும் ஒயர்) முழுக்க நடுநடுவே ஓரிரு வினாடி உறைந்து போகிறதே, கேபிளா?" பேக்நெட் எம்எஸ்/டிபியோடு, அதாவது கட்டடத்தின் ஏசி போன்றவற்றை இயக்கும் கன்ட்ரோலர்கள் ஒரே ஒயரில் முறைவைத்துப் பேசும் நெறிமுறையோடு, நாலு வருடம் குப்பை கொட்டியவர் மல்டிமீட்டரை எடுக்கமாட்டார். முதலில் மாக்ஸ் மாஸ்டர், அதாவது அடுத்த கன்ட்ரோலரைத் தேடும்போது எந்த முகவரி வரை கூப்பிடுவது என்ற வரம்பு, என்ன எண்ணில் இருக்கிறது என்று பார்ப்பார். 127 என்று இருக்கும். தொழிற்சாலையிலிருந்து வந்த எண் அது, யாரும் தொட்டிருக்கமாட்டார்கள்.

ஒரு கணக்கு போடலாம். முகவரிகள்: ரவுட்டர் (இந்த ஒயரை மேல் நெட்வொர்க்கோடு இணைப்பது) 0, கன்ட்ரோலர்கள் 1 முதல் 30 வரை. வேகம் வினாடிக்கு 38,400 பிட். டோக்கன் என்பது "இப்போது நீ பேசலாம்" என்று ஒன்று அடுத்ததற்குக் கொடுக்கும் 8 பைட் அனுமதி. ஒயரில் அது போக சுமார் 2 மில்லிவினாடி போதும். நடுவில் 15 செத்துவிட்டது என்று வையுங்கள். 14 டோக்கனை அனுப்பிவிட்டு 20 மில்லிவினாடியாவது காத்திருக்கும், இன்னொரு முறை அனுப்பும், பிறகு 16-ஐக் கூப்பிடும். 16 பதில் சொல்லும், சுற்று தொடரும். மொத்த இழப்பு 0.1 வினாடிகூட இல்லை. இந்த இடத்தில் எம்எஸ்/டிபியைப் பாராட்டத்தான் வேண்டும்.

இப்போது சாவது 30 என்றால்? 29 அதே வேலையைத்தான் செய்யும். ஆனால் அடுத்தது யார் என்று தேட 31, 32, 33 என்று 127 வரை ஒவ்வொன்றாகக் கூப்பிட்ட பிறகே 0-க்கு வரும். ஆளில்லாத 97 வீட்டுக் கதவு, ஒவ்வொன்றுக்கும் குறைந்தது 22 மில்லிவினாடி. ஆக 2 வினாடிக்கு மேல் மற்ற அத்தனை கன்ட்ரோலரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். 30-இன் 24 வோல்ட் கனெக்ஷன் லூசாக இருந்து அது போவதும் வருவதுமாக இருந்தால் இந்தக் கூத்து திரும்பத் திரும்ப நடக்கும். மாக்ஸ் மாஸ்டரை 32 என்று வைத்திருந்தால் வீண் அழைப்பு இரண்டோடு முடிந்திருக்கும்.

"கடைசி கன்ட்ரோலரில் மட்டும் மாற்றினால் போதும்" என்று சொல்வார்கள். போதாது. மேலே பாருங்கள், தேடியது 30 அல்ல, 29. எல்லாவற்றிலும் மாற்ற வேண்டும். இதற்கு நேர்மாறான பொறியும் உண்டு. 32 என்று வைத்துவிட்டு அடுத்த வருடம் 40-ஆம் முகவரியில் ஒன்றைச் சேர்த்தால் அதை யாரும் கூப்பிடவே மாட்டார்கள். விளக்கு எரியும், வயரிங் சரியாக இருக்கும், டோக்கன் மட்டும் வராது.

அடுத்தது மாக்ஸ் இன்ஃபோ ஃப்ரேம்ஸ். ஒருமுறை டோக்கன் கையில் வந்தால் எத்தனை ஃப்ரேம் (செய்தி) அனுப்பலாம் என்பதன் அளவு இது. கன்ட்ரோலர்களுக்கு 1 தாராளம். ரவுட்டருக்கும் 1 என்றால் ஒரு சுற்றுக்கு ஒரே ஒரு கேள்விதான் கேட்க முடியும், ஸ்கிரீன் நகராது. அங்கே 10, 20 என்று வைத்தால் ஆள் மாறியது போல ஓடும். ஒரு எச்சரிக்கை: செத்த கன்ட்ரோலரிடம் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் 255 மில்லிவினாடி காத்திருப்பு உண்டு. அதுவும் ரவுட்டர் டோக்கனைப் பிடித்திருக்கும் நேரத்திலேயே கழியும். இல்லாத கன்ட்ரோலரின் பாயின்ட்களை (அளவீடுகளை) ஸ்கிரீனிலிருந்து எடுத்துவிடுங்கள்.

பாட் ரேட்டை (ஒயரின் வேகத்தை) 76,800 ஆக்கினால் வேகம் இரட்டிக்கும் என்று எதிர்பார்ப்பவர்களுக்கு ஏமாற்றம்தான். டோக்கனைப் பெற்ற கன்ட்ரோலர் அதைப் பயன்படுத்தத் தொடங்க 15 மில்லிவினாடி வரை எடுத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. அந்த எல்லையிலேயே சோம்பிக் கிடக்கும் 30 கன்ட்ரோலர் இருந்தால், தரவே இல்லாத வெற்றுச் சுற்று 38,400-இல் சுமார் 512 மில்லிவினாடி, 76,800-இல் சுமார் 481. பாதியானது 2 மில்லிவினாடிப் பகுதி மட்டுமே.

முன்னுரிமை விஷயத்தில்தான் பொறுமை போய்விடுகிறது. பேக்நெட் செய்தித் தலைப்பில் சாதாரணம், அவசரம், முக்கியக் கருவி, உயிர்ப் பாதுகாப்பு என்று நான்கு நிலைகள் இருக்கின்றன. ஆனால் எம்எஸ்/டிபி டோக்கனுக்கு இது எதுவும் தெரியாது. புகை அலாரமானாலும் அறை வெப்பநிலையானாலும் வரிசையில் நின்றே ஆக வேண்டும். பழைய கணினி நெட்வொர்க்கான 802.5 டோக்கன் ரிங்கில் டோக்கனிலேயே 3 பிட் முன்னுரிமை, 3 பிட் முன்பதிவு, 8 நிலைகள் இருந்தன. தொழிற்சாலை நெட்வொர்க்கான புரொஃபிபஸில் குறித்த சுற்று நேரத்தைத் தாண்டி டோக்கன் தாமதமாக வந்தாலும், உயர் முன்னுரிமைச் செய்தி ஒன்றை அனுப்ப இடம் உண்டு. இங்கே அந்தச் சலுகைகூடக் கிடையாது. இதில் ஒரு குழப்பத்தையும் அடிக்கடி பார்க்கலாம்: ஒரு கருவிக்கு வரும் கட்டளைகளைத் தரம் பிரிக்கும் 16 நிலை கொண்ட பிரயாரிட்டி அரேயில் 1-இல் எழுதினால் கட்டளை சீக்கிரம் போய்ச் சேரும் என்று நினைக்கிறார்கள். போய்ச் சேர்ந்த பிறகு யார் சொல் எடுபடும் என்பதைத்தான் அந்த எண் முடிவு செய்கிறது. வழியில் அதற்கு மதிப்பில்லை.

ஆனாலும் மின்சாரம் போய்த் திரும்பும்போது இதன்மேல் ஒரு பாசம் வந்துவிடுகிறது. ஒயர் 500 மில்லிவினாடி அமைதியாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் முகவரியைப் பத்தால் பெருக்கி அத்தனை மில்லிவினாடி கூடுதலாகக் காத்திருக்கும். அதனால் சிறிய முகவரி முந்திக்கொண்டு புது டோக்கனை உருவாக்கும். தலைவன் என்று யாரும் இல்லாமல், சண்டை இல்லாமல், தானாக எழுந்து நிற்கும். ரவுட்டருக்கு 0 கொடுப்பது இதற்கும் நல்லது.

புது வேலைக்கு இதைப் போடலாமா என்றால், ஐபி கன்ட்ரோலருக்குப் பணம் இருக்கும்வரை வேண்டாம். ஓடிக்கொண்டிருப்பதைக் கழற்றலாமா என்றால், அதுவும் வேண்டாம். பழைய கன்ட்ரோலர் இன்னும் பேசுகிறது என்றால் கழற்றுவதற்கு முன் அதன் மாக்ஸ் மாஸ்டர், மாக்ஸ் இன்ஃபோ ஃப்ரேம்ஸ், முகவரி, பாட் ரேட் நான்கையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். புதியது 127-உடன்தான் வரும்.