பினாங்குலேர்ந்து இந்தியா போறவங்க, டிக்கெட்ல சுபாங்னு இருந்தா உஷாரா இருங்க

போன மாசம் அம்மாவ கூட்டிட்டு திருச்சி போலாம்னு தெரிஞ்ச ஏஜன்ட் ஒருத்தர்கிட்ட டிக்கெட் போட்டேன். பேரு போடல, எதுக்கு வம்பு. பினாங்கு டு கேஎல் (கோலாலம்பூர்), அங்கேர்ந்து திருச்சி, "கனெக்டிங்தான்ணே, வேன் கூட நானே அரேஞ்ச் பண்றேன், 150 வெள்ளி (ரிங்கிட்)"ன்னாரு. நானும் சரி வேல மிச்சம்னு விட்டுட்டேன்.

டிக்கெட் கைக்கு வந்தப்புறம்தான் பாக்குறேன், இறங்குறது கேஎல்லோட பழைய ஏர்போர்ட் சுபாங், ஏறுறது இப்ப இருக்குற பெரிய ஏர்போர்ட் கேஎல்ஐஏ, அதுல டெர்மினல் 2. கேட்டா "ரெண்டும் கேஎல்தானேண்ணே, அர மணி நேரம்"னு சிரிக்கிறாரு. அர மணி நேரமாம்! ரோடு காலியா இருந்தாலே முக்கா மணி நேரம் ஒரு மணி நேரம் ஆவும், 50 கிலோமீட்டருக்கு மேல இருக்கு, இதுல நாங்க போனது வெள்ளிக்கிழம சாயங்காலம்.

4:15க்கு இறங்க வேண்டிய ஃபிளைட் 4:40க்கு இறங்குச்சு. அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், 1998ல கேஎல்ஐஏ தொறக்குற வரைக்கும் இதுதானே பெரிய ஏர்போர்ட், அவங்க மொத தடவ இந்தியா போனதே இங்கேர்ந்துதான், "இங்கதான்டா தாத்தா நின்னு அழுதாரு"ன்னு இடத்த காட்டிக்கிட்டு இருந்தாங்க. எனக்கு வேன் எங்கன்னு கவல. அது வந்து சேந்தப்ப 5:20. எலிட் ஹைவேக்கு போய் சேர்றதுக்குள்ளயே ஜாம், டிரைவர் பாவம் அவரால என்ன பண்ண முடியும், 6:35க்கு கொண்டு போய் எறக்குனாரு. எங்க? டெர்மினல் 1ல. "கேஎல்ஐஏன்னுதான் பாஸ் சொன்னாரு"ங்கிறாரு, அடுத்த டிரிப்புக்கு நேரமாச்சுன்னு கெளம்பிட்டாரு.

டெர்மினல் 2க்கு டிரெய்ன்ல மூணே நிமிஷம்தான், 2 வெள்ளிதான், ஆனா முட்டி வலியோட அம்மா, நாலு பேக்கு, லிஃப்ட்டு தேடி பிளாட்ஃபார்ம்ல நின்னு ஏறி எறங்கி கவுண்டருக்கு போறப்ப மணி 7. ஃபிளைட் 7:50க்கு, கவுண்டர் ஒரு மணி நேரம் முன்னாடியே க்ளோஸ். பத்து நிமிஷம்!

கெஞ்சி பாத்தேன், ஒண்ணும் நடக்கல. அப்பதான் தெரியுது இது கனெக்டிங்கே இல்ல, தனித்தனி ரெண்டு டிக்கெட், மொத ஃபிளைட் லேட்டானா ரெண்டாவது கம்பெனிக்கு அதப்பத்தி கவலையே இல்ல. ஏஜன்டுக்கு போன் அடிச்சா "நீங்க சீக்கிரம் கெளம்பியிருக்கணும்"ங்கிறாரு. எங்கேர்ந்து சீக்கிரம், வானத்துலேர்ந்தா?

அதனால டிக்கெட்ல ஏர்போர்ட் கோட் என்னன்னு பாருங்க. எஸ்இசட்பின்னு இருந்தா சுபாங், கேயுஎல்னு இருந்தா கேஎல்ஐஏ. பினாங்குலேர்ந்து நேரா கேயுஎல்லுக்கே நெறைய ஃபிளைட் இருக்கு, கொஞ்சம் காசு கூடன்னாலும் அதையே கேளுங்க. ஒரே புக்கிங் நம்பரான்னும் கேளுங்க. ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல நேர் டிரெய்ன் கெடையாது, டவுன்ல இருக்குற கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன்லேர்ந்து சுபாங்குக்கு ஓடிக்கிட்டிருந்த கேடிஎம் டிரெய்னையும் 2023ல நிறுத்திட்டாங்க. மாட்டிக்கிட்டா சாயங்கால ஜாம்ல முழு தூரமும் ரோட்டுலயே போகாம கேஎல் சென்ட்ரல் போய் எக்ஸ்பிரஸ் டிரெய்ன் புடிக்கலாம், டெர்மினல் 2க்கு 33 நிமிஷம், ஆனா சென்ட்ரல் வரைக்கும் ஜாம்ல போய்த்தான் ஆவணும்.

மறுநாள் டிக்கெட், ஹோட்டல் எல்லாம் என் காசு. ஏறாத டிக்கெட்டுக்கு ஏர்போர்ட் டேக்ஸாவது திருப்பி கேக்கலாம்னு கவுண்டர்ல இருந்த பொண்ணு சொல்லுச்சு, அத ஏஜன்ட்தான் அப்ளை பண்ணணுமாம். மூணு வாரமா மெசேஜ் போடுறேன், ரெண்டு நீல டிக் மட்டும் விழுது.