அறையா, முழு வீடா, காண்டோவா? வாடகைக்கு விடுமுன் போட்டுப் பார்க்க வேண்டிய கணக்கு

என் தங்கைக்குச் சிங்கப்பூரின் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. வாங்கி ஐந்து ஆண்டுகள் போன மாதம்தான் முடிந்தன, அதற்குப் பிறகுதான் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். அன்று முதல் அவர்கள் வீட்டில் இதே பேச்சு. காலியாகக் கிடக்கும் அறையை விடலாம் என்கிறாள் தங்கை. தெம்பனிஸில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்கே போய்விட்டு முழு வீட்டையும் விட்டுவிடலாம் என்கிறார் மாப்பிள்ளை. அவருடைய அண்ணனோ, "அதெல்லாம் சில்லறைக் காசு, ஒரு காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு) வாங்கி வாடகைக்கு விடு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

உட்லண்ட்ஸில் என் வீட்டின் ஓர் அறையைப் பல ஆண்டுகளாக வாடகைக்கு விட்டு வருகிறேன். நடுவில் இரண்டு ஆண்டு முழு வீட்டையும் விட்டிருந்தேன். அந்த அனுபவத்தை வைத்துத் தங்கைக்குப் போட்டுக் கொடுத்த கணக்குதான் இது. வாடகைத் தொகைகள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை, உங்கள் வட்டாரத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் அறை. மாதம் 1,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மின்சாரம் தண்ணீர் எல்லாம் சேர்த்து என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 12,000. பலரும் கவனிக்காத ஒரு லாபம் இதில் உண்டு. உரிமையாளர் அதே வீட்டில் தொடர்ந்து குடியிருந்தால், சொத்து வரி குடியிருக்கும் உரிமையாளருக்கான குறைந்த விகிதத்திலேயே இருக்கும். ஆண்டு மதிப்பு (வீட்டுக்கு ஓராண்டில் கிடைக்கக்கூடிய வாடகை என்று வரித்துறை கணிக்கும் தொகை) 18,000 வெள்ளி என்றால், 2025 விகிதப்படி முதல் 12,000க்கு வரி இல்லை, மீதிக்கு 4 சதவீதம். ஆக 240 வெள்ளிதான். அதே வீட்டை முழுதாக வாடகைக்கு விட்டால் 12 சதவீதம், 2,160 வெள்ளி.

இன்னொரு வசதி, ஐந்தாண்டு காத்திருப்பு அறைக்குக் கிடையாது. நிரந்தரவாசிகளும் அறையை விடலாம், ஆனால் வீவக வீட்டை முழுதாக விட அவர்களுக்கு அனுமதி இல்லை. முழு வீட்டுக்கு இருக்கும் வெளிநாட்டவர் ஒதுக்கீட்டு வரம்பும் அறைக்குப் பொருந்தாது. அறையோ முழு வீடோ, வீவக அனுமதி முன்கூட்டியே வேண்டும், குறைந்தது ஆறு மாத வாடகையாகவும் இருக்க வேண்டும்.

சரி, கஷ்டம் எங்கே? சமையலறையில். "லைட் குக்கிங்" என்று ஒப்பந்தத்தில் எழுதிவிட்டு, அதற்கு என்ன பொருள் என்று இரண்டு பேரும் பேசாமல் விட்டுவிடுவார்கள். என் வீட்டில் இப்போது இருக்கும் பெண் மதுரைக்காரர், தாதியாக வேலை பார்க்கிறார். வந்த முதல் நாளே உட்கார்ந்து பேசிவிட்டோம். ஃபிரிட்ஜில் நடுத்தட்டு அவருக்கு. இரவு வேலை முடிந்து வரும் நாளில் காலை ஏழரைக்கு அடுப்பு அவருக்கு. ஞாயிறு காலை துணி காயவைக்கும் கம்பு எனக்கு. மீன் பொரித்தால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஓடுகளை அன்றே துடைத்துவிட வேண்டும். "அக்கா, இதெல்லாம் எழுதி வைப்பீங்களா?" என்று சிரித்தார். எழுதி, ஃபிரிட்ஜ் கதவிலேயே ஒட்டினேன். மூன்று ஆண்டாகச் சண்டை இல்லை. ஏர்கானுக்கும் அப்படித்தான். பியூபி பில்லில் (மின்சாரம், தண்ணீர்) அவர் பங்கு இத்தனை வெள்ளிக்கு மேல் போனால் கூடுதலை அவர் கட்டுவார் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

இந்த இடத்தில் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகள் அறை தேடும்போது, "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்ற பதிலை இன்னும் கேட்கிறார்கள். முகத்துக்கு நேராகவே சொல்கிறார்கள். நம்மிடம் ஓர் அறை இருந்து, அதை அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடிந்தால், அது வாடகைக்கு மேலான காரியம் என்று நான் நினைக்கிறேன். நல்ல வாடகைதாரர் கிடைப்பதும் அப்படித்தான். அறை மதித்துக் கொடுக்கப்பட்டது என்று தெரிந்தவர் அதைப் பார்த்துக்கொள்வார்.

அடுத்து முழு வீடு. மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000. சொத்து வரி 2,160, நகர மன்றக் கட்டணம் மாதம் 80 என்றால் 960. இரண்டு ஆண்டு ஒப்பந்தத்துக்கு முகவர் ஒரு மாத வாடகை கேட்பது வழக்கம், ஆண்டுக்கு 1,500 என்று பிரித்துக்கொள்ளலாம். கையில் நிற்பது 31,380. அறையில் மின்சாரம் போக 10,800 நிற்கும் என்றால், இது ஏறக்குறைய மூன்று மடங்கு. ஆகவே படுக்க வேறு இடம் செலவில்லாமல் இருந்தால், பணக் கணக்கில் முழு வீடுதான் வெல்லும். வேறு இடத்துக்கு நீங்களே வாடகை கொடுக்க வேண்டுமென்றால் இந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

ஆனால் இதில் பொறுப்பு அதிகம். குடும்பத்தோடு வரும் வெளிநாட்டவருக்கு விடுவதாக இருந்தால், முன்பணம் வாங்கும் முன்பே ஒதுக்கீட்டைப் பாருங்கள். மலேசியர் அல்லாத வெளிநாட்டவரும் நிரந்தரவாசிகளும் குடியிருக்கும் முழு வாடகை வீடுகள் வட்டாரத்தில் 8 சதவீதத்தையோ புளோக்கில் 11 சதவீதத்தையோ எட்டிவிட்டால், அவர்களுக்கு வீட்டை விட முடியாது. வேலை அனுமதி அட்டையை நேரில் வாங்கிப் பார்த்து, கடப்பிதழோடு ஒப்பிட்டு, மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சரிபார்ப்பது உங்கள் வேலை. முகவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாதீர்கள்.

நான் விட்டேன், பட்டேன். ஐந்து பேர் பெயரில் அனுமதி வாங்கிக் கொடுத்தேன். வாடகை மாதம் தவறாமல் வந்தது. ஒருநாள் ஏர்கான் தண்ணீர் சொட்டுகிறது என்று போனேன். வாசலில் செருப்பு, ஷூ என்று பதினான்கு ஜோடி. கூடத்தின் நடுவே கம்பி கட்டித் திரை போட்டிருந்தார்கள். திரைக்குப் பின்னால் சுவரோடு சுவராகச் சாய்த்து வைத்த நான்கு மெத்தை. வாடகைக்கு வந்தவரே ஆள் சேர்த்து உள்வாடகைக்கு விட்டிருந்தார். முகவரைக் கேட்டால், "பணம்தான் சரியாக வருதே" என்றார். வீவக கேட்டிருந்தால் பதில் சொல்ல வேண்டியவள் நான். வீட்டையே திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு உண்டு. அதற்குப் பிறகு, முன்கூட்டியே சொல்லிவிட்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஏர்கான் சர்வீஸ் நடக்கும் நாளிலேயே, நேரில் போய்விடுவேன். ஒப்பந்தத்திலும் அதை ஒரு வரியாகச் சேர்த்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஓர் அறையைப் பூட்டி வைத்துவிட்டு, "நாங்களும் இங்கேதான் இருக்கிறோம், அறையைத்தான் விட்டிருக்கிறோம்" என்று சொல்லி முழு வீட்டையும் விடுபவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஐந்தாண்டு முடியாதவர்கள் இதைச் செய்து வீட்டை இழக்க வேண்டாம்.

காண்டோ விஷயத்தில் எனக்குக் குழப்பமே இல்லை. 12 லட்சம் வெள்ளிக்கு ஒரு வீடு. சிங்கப்பூரர் இரண்டாவது வீடு வாங்கினால் கூடுதல் முத்திரைத் தீர்வை 20 சதவீதம், அதாவது 240,000. வழக்கமான முத்திரைத் தீர்வை 32,600. முதல் வீட்டுக் கடன் இன்னும் இருந்தால் வங்கி 45 சதவீதம் வரைதான் தரும், 540,000. ஆகக் கையிலிருந்தும் மசேநிதியிலிருந்தும் (மத்திய சேமநிதி) 932,600 வெள்ளி போட வேண்டும். மாத வாடகை 4,500 என்றால் ஆண்டுக்கு 54,000. ஆண்டு மதிப்பு 45,000க்குச் சொத்து வரி 6,600, பராமரிப்புக் கட்டணம் மாதம் 400 வீதம் 4,800, கடனுக்கு 3 சதவீத வட்டி 16,200. மிஞ்சுவது 26,400. போட்ட பணத்துக்கு 2.8 சதவீதம்தான், அதுவும் ஒரு மாதம்கூடக் காலியாக இல்லாமல், வருமான வரிக்கு முன்னால். மசேநிதி சாதாரணக் கணக்கே 2.5 சதவீதம் தருகிறது. விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவது வேறு விஷயம். வாடகை வருமானத்துக்காக என்றால் மாப்பிள்ளையின் அண்ணன் சொல்வதை நான் ஏற்கமாட்டேன்.

ஏற்கெனவே காண்டோ வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. வருமான வரியில் வாடகையின் 15 சதவீதத்தைச் செலவாகக் கழித்துக்கொள்ளலாம், ரசீது வேண்டாம். கடன் வட்டியைத் தனியே கழிக்கலாம். ஆனால் சொத்து வரியும் பராமரிப்பும் அந்த 15 சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடும். மேலே சொன்ன காண்டோவுக்கு 15 சதவீதம் 8,100, உண்மைச் செலவு 11,400. அங்கே ரசீது வைத்து உண்மைச் செலவைக் காட்டுவதே லாபம், ரசீதுகள் ஐந்து ஆண்டு பத்திரமாக இருக்கட்டும். வீவக வீட்டுக்குத் தலைகீழ். 15 சதவீதம் 5,400, சொத்து வரியும் நகர மன்றமும் சேர்ந்தே 3,120தான். கணவன் மனைவி கூட்டாக வைத்திருந்தால், வாடகை யார் கணக்கில் விழுந்தாலும் உரிமைப் பங்குப்படிதான் இருவரும் கணக்குக் காட்ட வேண்டும்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்துக்கு முத்திரைத் தீர்வை கட்டச் சொல்லுங்கள். நான்கு ஆண்டுக்குள்ளான வாடகைக்கு மொத்தத் தொகையில் 0.4 சதவீதம், வழக்கமாக வாடகைதாரர் கட்டுவார், கையெழுத்தாகி 14 நாளுக்குள். நாளைக்கு முன்பணத் தகராறு என்று சிறு கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போனால் அந்தத் தாள்தான் பேசும். இரண்டு ஆண்டுக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை, 20,000 வெள்ளி வரை, அங்கே வக்கீல் இல்லாமலே தீர்த்துக்கொள்ளலாம்.

தங்கை இப்போதைக்கு அறையைத்தான் விடப் போகிறாள். மகன் தொடக்கநிலை ஆறில் இருக்கிறான், தேர்வு முடிகிறவரை ஈசூனை விட்டு நகர வேண்டாம் என்று மாமியாரே சொல்லிவிட்டார். அடுத்த ஆண்டு தெம்பனிஸ் போனால் முழு வீடு. வரும் ஞாயிறு அறை பார்க்க இரண்டு பேர் வருகிறார்கள். நானும் போகிறேன். ஃபிரிட்ஜில் எந்தத் தட்டைக் கொடுக்கப் போகிறாள் என்று அதற்குள் முடிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.