தட்டிக்கொடுப்பதா, கூடை நிறையப் பந்தா? பள்ளி டென்னிஸ் அணிக்குத் தன்னம்பிக்கை

பள்ளி டென்னிஸ் அணிகளின் பயிற்சியாளர்களில் இரண்டு வகையை அடிக்கடி பார்க்கிறேன். ஒருவர் "உன்னால முடியும்டா" என்று முதுகில் தட்டிக்கொண்டே இருப்பார். இன்னொருவர் எதுவும் பேசாமல் கூடை நிறையப் பந்தைக் கொண்டுவந்து கோட்டருகில் வைத்துவிட்டு "சர்வீஸ் போடு" என்பார். நான் முதல் வகையாகத் தொடங்கி இரண்டாவதன் பக்கம் வந்தவன்.

மாறியதற்குக் காரணம் ஒரு பெண். 14 வயது, ஃபோர்ஹேண்ட் அருமையாக அடிப்பாள். ஒரு போட்டியில் 30-40 என்று பின்தங்கி, இன்னொரு பாயிண்ட் போனால் கேமே போய்விடும் என்று நின்றபோது, முதல் சர்வீஸ் வலையில் விழுந்ததும் நான் பெஞ்சிலிருந்து "நல்லா ஆடுறம்மா, பயப்படாத" என்றேன். அவள் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தாள், அடுத்ததும் வலையில். இரண்டு சர்வீஸும் தவறினால் டபுள் ஃபால்ட், பாயிண்ட் எதிராளிக்கு. கேம் போனது. தன்னுடைய இரண்டாவது சர்வீஸ் உள்ளே விழாது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், எனக்கும் தெரியும், அப்படியிருக்கும்போது நான் சொன்ன வார்த்தைக்கு அங்கே என்ன மதிப்பு?

அதற்குப் பிறகு தினமும் பயிற்சி முடியும் நேரத்தில், கால் சோர்ந்திருக்கும்போது, ஆளுக்கு 10 இரண்டாவது சர்வீஸ் போடச் சொன்னேன். ஒவ்வொன்றுக்கும் முன்னால் "30-40" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். எத்தனை உள்ளே விழுந்தது என்று அவர்களே நோட்டில் எழுத வேண்டும். இத்தனை அடிகள் இருக்க ஏன் இரண்டாவது சர்வீஸ் என்றால், எதிராளி தலையிடாமல் முழுக்க நம் கையில் தொடங்கும் அடி சர்வீஸ் ஒன்றுதான், இரண்டாவதும் தவறினால் பாயிண்ட் போய்விடும். பயம் முதலில் தெரிவதும் அங்கேதான்: பந்தைத் தூக்கிப்போடும் உயரம் குறையும், கை மெதுவாகும், பந்து வலைக்குப் போகும். பயந்த பிள்ளையிடம் "மெதுவா போடு, உள்ள போட்டா போதும்" என்பது பெரிய தவறு. மெதுவாக வீசினால் பந்து சுழலாது, சுழலாத பந்து வலைக்கு மேலே உயரமாகப் போய் உள்ளே இறங்காது. ராக்கெட்டை வேகமாகவே வீசி, மேல்நோக்கி உரசச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் முதலில் பத்துக்கு நான்கு போட்டாள், இரண்டு மாதத்தில் ஏழு. இப்போது போட்டிக்கு முன்னால் என்னிடம் வருவதில்லை, அந்த நோட்டைத்தான் புரட்டுகிறாள்.

அதற்காகப் பாராட்டே வேண்டாம் என்று சொல்லவில்லை. புதிதாக வந்த பிள்ளை மறுநாளும் வர வேண்டுமென்றால் தட்டிக்கொடுத்தே ஆக வேண்டும். ஆனால் "சூப்பர்" என்பதைவிட "பாயிண்ட் போச்சு, ஆனா கையை நிறுத்தாம அடிச்ச பாரு, அதான் வேணும்" என்பது நிற்கும். யார் சொல்கிறார்கள் என்பதும் முக்கியம். பிரிட்டன் டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரே 2012-இல் முன்னாள் சாம்பியன் இவான் லெண்டிலைப் பயிற்சியாளராக வைத்துக்கொண்டார். லெண்டில் சிரித்து உற்சாகப்படுத்தும் ஆளே இல்லை. ஆனால் தன்னுடைய முதல் நான்கு கிராண்ட்ஸ்லாம் இறுதிப் போட்டிகளிலும் தோற்று, ஐந்தாவதில் ஜெயித்தவர் அவர். மர்ரேயும் நான்கில் தோற்று ஐந்தாவதில், அதே 2012 அமெரிக்க ஓபனில், ஜெயித்தார். அந்தத் தோல்விகளை அனுபவித்தவர் பக்கத்தில் இருப்பது எந்தப் புகழ்ச்சியையும்விடப் பெரிய தைரியம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த சண்டை, போட்டிக்கு முன்னால் எளிய அணியோடு ஆடவிடுவதா, பலமான அணியோடா என்பது. எளிய அணியை மட்டும் ஜெயித்துவிட்டு வரும் பிள்ளைகள் முதல் செட்டில் 0-3 ஆனதும் நொறுங்கிவிடுகிறார்கள். பலமான அணியிடம் 0-6, 0-6 என்று வாங்கினாலும் யாரும் எதுவும் கற்பதில்லை. எனக்குப் பிடித்தது நடுவழி: பலமான ஆளோடுதான் ஆட்டம், ஆனால் ஒவ்வொரு கேமையும் நம் பிள்ளைக்கு 30-0, அதாவது இரண்டு பாயிண்ட் முன்னிலை, கொடுத்துத் தொடங்குவோம். முன்னிலையைக் காப்பாற்றுவது தனிக் கலை, அதுவும் இதில் பழகிவிடும்.

ஆடும் வரிசை விஷயத்தில் எனக்குக் கோபமே வரும். எதிரணியின் பலமான ஆள் ஆடும் முதல் ஒற்றையரில் பலவீனமான பிள்ளையை நிறுத்தி, அந்த ஆட்டத்தை விட்டுக்கொடுத்து, மற்றதை ஜெயிக்கும் கணக்கு சில இடங்களில் ஓடுகிறது. கோப்பை வரலாம். பலியாகப் போகிறோம் என்று அந்தப் பிள்ளைக்குக் கோர்ட்டில் இறங்கும் முன்பே தெரியும், அதோடு அவன் ராக்கெட்டைப் பரணில் போட்டுவிடவும் கூடும். வாராவாரம் தங்களுக்குள் மோதி வரிசையை முடிவு செய்வது இதைவிட எவ்வளவோ நேர்மை, ஆனால் போட்டிக்கு இரண்டு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், இல்லையென்றால் சொந்த அணிக்காரனே எதிரியாகத் தெரிவான். கூச்சப்படும் பிள்ளையை முதலில் இரட்டையரில் இறக்குவேன், பயத்தைப் பங்கு போட ஒரு ஆள் கிடைக்கும்.

அப்புறம் ஆட்டத்தின் நடுவே. பக்கம் மாறும்போது கிடைப்பது 90 விநாடிதான். அதில் கிரிப், கால், எதிராளியின் பேக்ஹேண்ட் என்று எல்லாவற்றையும் கொட்டுகிற பயிற்சியாளரும் உண்டு, வாயே திறக்காதவரும் உண்டு. நான் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்.

"அடுத்த சர்வீஸ் எங்க போடப் போற?"

"நடுக்கோட்டுக்கு, சார்."

"சரி, தண்ணி குடி."