பிரெஞ்சு ஓபன் டென்னிஸ்: எதிர்பாராத ஆள் மேல் பணம் கட்டினால்?

ஆண்கள் பக்கமா, பெண்கள் பக்கமா என்றால் என் கை பெண்கள் பக்கம்தான் போகும். 2017இல் ஓஸ்டபென்கோ, 2020இல் ஸ்வியாடெக், 2021இல் கிரெஜ்சிகோவா என்று மூவரும் சீடிங் (முன்னணி ஆட்டக்காரர்களுக்குத் தொடருக்கு முன்பே தரும் வரிசை எண்) இல்லாமல் வந்து கோப்பையைத் தூக்கியவர்கள். ஓஸ்டபென்கோ இறுதிப் போட்டியில் ஹாலெப்பிடம் முதல் செட்டை விட்டு, இரண்டாவதிலும் 0-3 என்று கிடந்தார். அங்கிருந்து எழுந்து அடித்தார்!

ஆண்களில் சீடிங் இல்லாமல் ஜெயித்த கடைசி ஆள் காடியோ, 2004இல். அடுத்த ஆண்டு நடால் வந்தார். அவருக்கே 14 பட்டம். ஆண்கள் ஆட்டம் ஐந்து செட் வரை போகலாம் என்பதால் பெரிய ஆள் தடுமாறினாலும் மீள நேரமிருக்கிறது. 2009இல் சோடர்லிங் நடாலையே சாய்த்தார், பட்டம் என்னவோ ஃபெடரருக்குத்தான். அந்த ஒரு ஆட்டத்துக்குக் கட்டியவருக்கு லாபம்; சோடர்லிங்குக்குக் கோப்பை என்று கட்டியவருக்குப் பட்டை நாமம்.