இரண்டாவது தம்ளரைக் கேட்காத வினாத்தாளும் கேட்ட வினாத்தாளும்

அம்மாயிக்கு, அதாவது அம்மாவின் அம்மாவுக்கு, மறதி நோய் என்று டாக்டர் சொல்லி ஒன்றரை வருடமாகிறது. நினைவு தேய்வது எங்களுக்குத் தினமும் தெரிகிறது. மனிதர்களோடு அவர் இப்போது எப்படிப் பழகுகிறார் என்பதுதான் பிடிபடவில்லை. இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து தேயிலைத் தோட்ட லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை அறிய இரண்டு வினாத்தாள்களை வைத்துப் பார்த்தேன்.

1975இல் வந்த எம்.எம்.எஸ்.இ. என்ற நினைவாற்றல் சோதனையைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டே போகச் சொல்கிற சோதனை அது. இரண்டாம் வகுப்போடு மலைக்குக் கொழுந்தெடுக்கப் போனவரிடம் அதைக் கேட்பதில் நியாயமில்லை. தவிர, அது அறிவாற்றலைத்தான் பார்க்கிறது, பழக்கவழக்கத்தை அல்ல.

முதல் தாள் எஃப்.ஏ.கியூ., அன்றாட வேலைகளைச் செய்ய முடிகிறதா என்று கேட்பது. 1982இல் வந்தது, பத்தே கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை; புள்ளி ஏறினால் சிரமம் கூடுதல். பதில் சொல்பவர் பராமரிக்கிறவர். சீக்கிரம் முடிந்துவிடும். வரிப் பத்திரம், பில் கட்டுதல் எல்லாம் வருகின்றன. அம்மாயி அவற்றை வாழ்நாளில் தொட்டதில்லை. 'முன்பும் செய்ததில்லை, இப்போது செய்வதும் கடினம்' என்பதற்கு ஒரு புள்ளி உண்டு. அந்த ஒன்றுகளே சேர்ந்து கூட்டுத்தொகையை ஏற்றிவிடுகின்றன. உருப்படியான கேள்வி, வெந்நீர் வைத்துக் காப்பி கலந்து அடுப்பை அணைப்பது. நான் அதைத் தேத்தண்ணி என்று மாற்றிக்கொண்டேன். அம்மாயி இன்றும் சாயம் நன்றாகவே ஊற்றுகிறார், உள்ளங்கையில் சீனி வைத்துக் குடிக்கிறார்; அடுப்பைத்தான் மறக்கிறார். ஆனால் முன்பெல்லாம் பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் சேர்த்து இரண்டு தம்ளர் ஊற்றுவார். இப்போது ஒன்றுதான். அந்த இரண்டாவது தம்ளரைப் பற்றி அந்தத் தாள் கேட்பதேயில்லை.

இரண்டாவது தாள் 2017இல் லண்டன் ஆய்வாளர்கள் வெளியிட்ட எஸ்.எஃப்.டெம்., மறதி நோயாளி பிறரோடு பழகுவதை அளப்பது. பிறரோடு நேரம் செலவிடுதல், பேசுதல், பிறர் மனமறிந்து நடத்தல் என்று மூன்று பகுதிகள். நோயாளிக்கு ஒரு படிவம், பராமரிப்பவருக்கு ஒரு படிவம். என் சாய்வு இதன் பக்கம்தான், அதற்குக் காரணம் அந்த இரண்டு படிவங்கள்.

"எல்லாரோடும்தான் பேசுகிறேனே" என்றார் அம்மாயி. "யாரோடும் வாய் திறப்பதில்லை" என்றார் அம்மா. மறதி நோயில் நோயாளி தன்னைச் சற்று உயர்த்திச் சொல்வதும், களைத்த பராமரிப்பாளர் தாழ்த்திச் சொல்வதும் உண்டு. இருந்தும் முதலில் அம்மாவைத்தான் நம்பினேன். பிறகு யோசித்தேன்: அம்மா காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போனால் கொழுந்தை எடைபோட்டுவிட்டு மாலையில்தான் திரும்புகிறார். இடைப்பட்ட பகலை அவர் எங்கே பார்த்தார்? பிள்ளை மடுவத்தில் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகத்தில்) பிள்ளைகளைப் பார்க்கும் ஆயம்மாவிடம் கேட்டேன். "உங்கள் அம்மாயியா? பத்து மணிக்கே திண்ணைக்கு வந்துவிடுவார். பிள்ளைகளுக்குத் தாலாட்டே அவர்தான்" என்றார். பராமரிப்பவர் பகல் முழுக்க மலையில் இருக்கிற ஊரில், அவர் சொல்வதை மட்டும் எழுதிக்கொள்ளும் தாள் பாதிநாளைத் தொலைத்துவிடுகிறது. எஸ்.எஃப்.டெம்மும் ஆயம்மாவைக் கேட்கச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பதில்களும் மோதியதால்தான் நான் அங்கே போனேன்.

பிறர் மனமறியும் மூன்றாம் பகுதியில் அம்மா சொன்னதே சரி. மேல் லயத்து இழவு வீட்டில், ஒரு காலத்தில் ஒப்பாரிக்கு அடியெடுத்துக் கொடுத்தவர், கணவனைப் பறிகொடுத்தவளிடமே "மாப்பிள்ளை மலையிலிருந்து வந்துவிட்டாரா?" என்று கேட்டார். லயத்தில் வாசலில் உட்கார்ந்தாலே நாலு பேரைப் பார்க்கலாம் என்பதால், முதல் பகுதியின் 'எத்தனை முறை' கணக்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

ஒரே ஆளிடம், மூன்று முறை, நானே வாய்மொழியாகத் தமிழாக்கிக் கேட்டது இது. ஆகவே என் புள்ளிகளை யாரும் அளவுகோலாகக் கொள்ள வேண்டாம். கிளினிக்கில் டாக்டரிடமும் எண்ணைக் காட்டவில்லை, ஆயம்மா சொன்னதைத்தான் சொன்னேன். எஃப்.ஏ.கியூ. தாளையும் எறிந்துவிடவில்லை. அடுப்புக் கேள்விக்காக அது இன்னும் அலமாரியில் இருக்கிறது.