கர்ப்பிணிகளுக்கான புரோபயாடிக் பொடி: டப்பாவில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்

தங்கைக்கு ஒன்பதாவது வாரம். மசக்கையில் கஞ்சிகூட வயிற்றில் நிற்கவில்லை. அவள் மாமியார் பாசத்தோடு காரைக்குடி கல்லுக்கட்டிப் பக்கம் ஒரு மெடிக்கலில் இந்த புரோபயாடிக் பொடியை, அதாவது நல்ல பாக்டீரியா கலந்த பொடியை, வாங்கி வந்தார். 15 பாக்கெட், 780 ரூபாய்.

பாலில் கட்டி தட்டாமல் கரைகிறது. லேசான வெனிலா வாசம், அவளுக்குக் குமட்டவில்லை. நல்லதாகச் சொல்ல அவ்வளவுதான்.

முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் "கருவறையிலேயே நல்ல பாக்டீரியாவை விதைக்கும்" என்று இருக்கிறது. அதைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. பன்னிரண்டு வருஷமாக லேபில் கல்ச்சர் போடுகிறேன், அதாவது சாம்பிளில் கிருமி வளருகிறதா என்று பார்க்கிறேன். குடிக்கிற பொடி குடலுக்குத்தான் போகும். கருப்பைக்குள் பாக்டீரியா போய்ச் சேர்ந்தால் அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் தொற்று.

நஞ்சுக்கொடியில் பாக்டீரியாக் கூட்டம் குடியிருக்கிறது என்ற பேச்சு 2014ல் அமெரிக்காவில் 320 நஞ்சுக்கொடிகளை ஆராய்ந்ததிலிருந்து பரவியது. ஆனால் சாம்பிளே போடாத வெறும் குழாயை ஓட்டினாலும், டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும் கிட்டிலேயே ஒட்டியிருக்கும் பாக்டீரியாத் தடயம் ரிசல்ட்டில் வந்து நிற்கும். 2019ல் கேம்பிரிட்ஜ் குழு 537 பெண்களின் நஞ்சுக்கொடியை எடுத்து இதைத்தான் சல்லடை போட்டுப் பார்த்தது. தெரிந்ததில் பெரும்பாலானது கிட்டிலிருந்து வந்தது, அல்லது பிரசவத்தின்போது ஒட்டியது. நிஜமாகவே உள்ளே இருந்தது குரூப் பி ஸ்ட்ரெப், அதுவும் சுமார் 5 சதவீதம் பேரிடம். அது குழந்தைக்கு நோய் தரக்கூடிய கிருமி. கருவிலிருக்கும் சிசுவிடமே பாக்டீரியா கண்டதாகச் சொன்ன ஆய்வுகளையும் 2023ல் நிபுணர்கள் பலர் சேர்ந்து அலசி, அதுவும் வெளியிலிருந்து கலந்ததுதான் என்றார்கள். பிள்ளைக்கு நல்ல பாக்டீரியா சேருவது பிறக்கும்போதும், பிறந்த பிறகு தாய்ப்பாலிலும் தொடுதலிலும்.

இன்னொன்று. எந்த பாக்டீரியா, ஒரு பாக்கெட்டில் எத்தனை கோடி என்று டப்பாவில் எங்கேயும் இல்லை. 25 டிகிரிக்குக் கீழே வைக்கச் சொல்லியிருக்கிறது. நம்ம ஊர் மே மாச வெயிலில் இது வாசல் பக்க அலமாரியில் இருந்ததாம்.

"அப்போ எனக்கு என்னக்கா முக்கியம்?" என்று கேட்டாள். யூரின் கல்ச்சர் என்றேன். எரிச்சல், காய்ச்சல் எதுவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கலாம். கர்ப்பத்தில் அதைக் கவனிக்காமல் விட்டால் சிறுநீரகம் வரை ஏறிவிடலாம். டாக்டரும் அதையே எழுதிக்கொடுத்தார். அவள் மாமியாரிடமும் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்துச் சொன்னேன், புரிந்துகொண்டார்.

ஐந்துக்கு ஒன்று. மீதி பதினொரு பாக்கெட் அப்படியே கிடக்கிறது.