குழந்தையின் ஆவணங்களுக்கு 13 அறை ஜிப் கோப்பு: பினாங்கிலிருந்து ஒரு மதிப்பீடு

ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவைச் சுற்றியுள்ள எழுதுபொருள் கடைகளிலும் பேரங்காடிகளில் உள்ள புத்தகக் கடைகளிலும், துணி உறை போர்த்திய, 13 அறைகள் கொண்ட ஜிப் கோப்புகள் இப்போது எளிதாகக் கிடைக்கின்றன. திறந்தால் ஆர்மோனியத்தின் துருத்தி போல விரிகிறது. மூடினால் இரண்டு விரல் கனத்துக்கு அடங்குகிறது. ஏ4 தாள் மடங்காமல் நிற்கிறது. நான் வாங்கியதன் விலை 40 ரிங்கிட்டுக்கும் குறைவு. வீட்டுக் கடன் பத்திரம், கார் சாலைவரி என்று எல்லாவற்றையும் இதில் திணிப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் இதை ஆரம்பப் பள்ளி முதலாம் ஆண்டில் படிக்கும் மகளின் ஆவணங்களுக்கு மட்டும் ஒதுக்கியிருக்கிறோம். ஆகவே என் அளவுகோல் ஒன்றுதான்: நான் வேலையில் இருக்கும்போது, என்னைத் தொலைபேசியில் அழைக்காமல், என் கணவரோ அத்தையோ வேண்டிய தாளை எடுத்துக்கொண்டு கிளம்ப முடிகிறதா?

முடிகிறது. ஆனால் அதற்குக் கோப்பு மட்டுமே காரணமல்ல. அறைகளுக்கு நாம் இடும் பெயர்களும் காரணம்.

நம் நாட்டில் குழந்தை பிறந்த நாளிலிருந்தே தாள்கள் சேரத் தொடங்கிவிடுகின்றன. தீபகற்ப மலேசியாவில் 60 நாள்களுக்குள் பிறப்பைத் தேசியப் பதிவிலாகாவில் பதிய வேண்டும். பதிந்ததும் பிறப்புப் பத்திரமும் குழந்தைகளுக்கான அடையாள அட்டையான மைகிட்டும் வருகின்றன. பி.சி.ஜி., ஹெபடைடிஸ் பி ஆகிய முதல் தடுப்பூசிகளின் குறிப்போடு, சுகாதார அமைச்சின் குழந்தைப் பதிவேடு கைக்கு வருகிறது. பிறகு 5 ஆண்டுகள் மட்டுமே செல்லுபடியாகும் கடப்பிதழ், பாலர் பள்ளி ரசீதுகள், காப்புறுதிப் பத்திரம், சேமிப்புக் கணக்கு, தமிழ்ப்பள்ளிப் பதிவுக்கான படிவங்கள் என்று வரிசை நீள்கிறது. இவற்றை 'சான்றிதழ்கள்', 'மருத்துவம்', 'பணம்' என்று வகை பிரித்து அடுக்குவதுதான் பலருடைய வழக்கம். அப்படி அடுக்கினால், பள்ளிப் பதிவுக்குப் போகிறவர் பிறப்புப் பத்திர நகலை ஓர் அறையிலும், மின்கட்டண ரசீதை இன்னோர் அறையிலும், தடுப்பூசிப் பக்கத்தின் நகலை மற்றோர் அறையிலும் தேட வேண்டியிருக்கும். ஆவணத்தின் வகையை விட்டு, போக வேண்டிய இடத்தின் பெயரை எழுதினால் இந்தத் தேடல் இல்லை. எங்கள் கோப்பில் 'கிளினிக்', 'பள்ளி', 'பதிவிலாகா', 'பயணம்', 'வங்கி', 'வருமான வரி' முதலிய அறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் அந்த இடத்துக்குத் தேவையான நகல்கள் அனைத்தும் முன்கூட்டியே உள்ளன. அசல்கள் எல்லாம் கடைசி அறையில் ஒன்றாக இருக்கின்றன. எடுத்துச் சென்றவர் அதே நாளில் திருப்பி வைக்க வேண்டும் என்பது வீட்டு விதி. 13 அறைகள் தேவைக்கு அதிகமென்று முதலில் தோன்றலாம். இப்படிப் பிரித்தால் ஓரிரண்டு மட்டுமே மிஞ்சும்.

முதல் அறையைத் தாள்களுக்கு ஒதுக்காமல், ஒரே ஒரு தகவல் பக்கத்துக்கு விட்டுவிடும்படி ஒவ்வொரு பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோப்பில் மிக அதிகமாகப் பயன்படுவது அந்தப் பக்கம்தான். பிறப்புப் பத்திரத்தில் உள்ளபடியே, ஓர் எழுத்தும் மாறாமல், குழந்தையின் பெயரை அதில் எழுத வேண்டும். தந்தையின் பெயரும் அப்படியே. நம் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுதும்போது ஓர் எழுத்து கூடுவதும் குறைவதும் சாதாரணமாக இருப்பதால், பள்ளியில் ஒரு விதமாகவும் கடப்பிதழில் வேறு விதமாகவும் பதிவாகிவிட்டால் பின்னால் அலைச்சல் மிஞ்சும். அடுத்து, 12 இலக்க மைகிட் எண். முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதி, அடுத்த 2 பிறந்த மாநிலம். பினாங்குக்கு 07, கோலாலம்பூருக்கு 14. இறுதி இலக்கம் ஆண் குழந்தைக்கு ஒற்றைப்படை, பெண் குழந்தைக்கு இரட்டைப்படை. இந்த அமைப்பு தெரிந்திருந்தால், படிவத்தில் யாராவது எண்ணைத் தவறாக எழுதியிருப்பதைக் கண்டவுடன் பிடித்துவிடலாம். இரத்த வகை, ஒவ்வாமை, வழக்கமான மருந்தும் அதன் அளவும், பெற்றோர் தவிர அழைக்க வேண்டிய இரண்டு உறவினர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநரின் எண் ஆகியவையும் அதே பக்கத்தில் இருக்க வேண்டும். அவசர எண் 999 எல்லாருக்கும் தெரியும். நம் பினாங்கிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இயங்குவது பலருக்குத் தெரியாது. குழந்தை எதையாவது விழுங்கிவிட்டால் ஆலோசனை கேட்க அதன் எண்ணையும் எழுதி வைப்பது நல்லது.

அந்தப் பக்கத்தில் தவறவிடக் கூடாத இன்னொரு வரி ஜி6பிடி: சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருக்கும் பிறவிக் குறைபாடு. பிறந்தவுடன் தொப்புள்கொடி இரத்தத்தைக் கொண்டு இந்தக் குறைபாடு சோதிக்கப்பட்டு, முடிவு பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. குறைபாடுள்ள குழந்தைக்குச் சில மருந்துகளும் நாப்தலின் கலந்த பாச்சை உருண்டையும் ஆகாது. சிவப்பணுக்கள் சிதைந்து, குழந்தை ஆபத்தான நிலைக்குப் போகலாம். பத்திரங்களைப் பூச்சி அரிக்காமல் காப்பதற்காக அலமாரியில் பாச்சை உருண்டை போடும் பழக்கம் நம் வீடுகளில் இன்றும் இருப்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். கோப்புக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போதும்.

இனி கோப்பின் பொருள் தரம். உள் அறைகள் பாலிப்ரொபிலீனால் ஆனவை. வாங்கும்போது நான் முதலில் பார்த்தது இதைத்தான். மலிவான பி.வி.சி. உறைகளில் சேர்க்கப்படும் மென்மையூட்டிகள் நாளடைவில் கசிந்து, அச்சு மையை உறையோடு ஒட்டவைத்துவிடும். நம் ஊர் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அது இன்னும் விரைவாக நடக்கும். கிளினிக்கும் பாலர் பள்ளியும் தரும் வெப்ப அச்சு ரசீதுகள் எந்த உறையில் வைத்தாலும் மங்கிவிடுகின்றன. வருமான வரிக்குக் காட்டிய ரசீதுகளை 7 ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும் என்பதால், அவற்றை வாங்கிய வாரத்திலேயே நகலெடுத்து இரண்டையும் சேர்த்து வைக்கிறேன். பிறப்புப் பத்திரத்தை லேமினேட் செய்யும் வழக்கத்தை நான் ஏற்கவில்லை: சூட்டில் ஒட்டிய பசையைப் பிறகு பிரிக்க முடியாது, தாளின் பாதுகாப்புக் குறிகளையும் தொட்டுச் சரிபார்க்க முடியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. கோப்போடு வரும் பெயர்ச்சீட்டுகள் மெல்லிய அட்டைத் துண்டுகள்; அறை விரியும்போதெல்லாம் நழுவி விழுகின்றன. ஒளிபுகும் ஒட்டுநாடாவை மேலே ஒட்டிச் சமாளித்தேன். மைகிட் அட்டைக்குத் தனிப் பை இல்லாதது பெரிய குறை. அட்டை ஏ4 அறையின் அடிக்குப் போய்விடுகிறது. சுகாதாரப் பதிவேடும் ஏ4 தாளைவிடச் சிறியது என்பதால், கடப்பிதழோடு சேர்த்து ஜிப் வைத்த சிறு பையில் போட்டுத்தான் உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது. ஏ4 தாளுக்கான தெளிவுறைகளோ இதற்கு நேர்மாறு: அறையைவிடச் சற்று அகலமாக இருப்பதால் ஓரம் மடங்குகிறது.

'நீர் புகாதது' என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை நம்ப வேண்டாம். தூறலைத் தாங்கும், ஜிப்பின் தையல் வழியே நீர் இறங்கும். 2017 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த பினாங்குக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. அசல்கள் உள்ள அறையை மட்டுமாவது காற்றுப் புகாத பையில் போட்டு, கோப்பைத் தரைமட்ட அலமாரியில் வைக்காமல் உயரத்தில் வைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொண்டால் போதாதா என்று தோழிகள் கேட்கிறார்கள். படங்கள் உதவும், ஆனால் கைப்பேசி என் கையில் இருக்கும், கிளினிக்கில் நிற்பவர் அத்தையாக இருப்பார். மைகிட் படம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உலவுவதையும் நான் விரும்பவில்லை. தாள் நகலின் குறுக்கே இரண்டு கோடுகள் இட்டு, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று மலாயில் எழுதிக் கொடுத்தால், அதை வேறெதற்கும் பயன்படுத்துவது கடினம். அப்படிக் கோடிட்ட நகல்கள் சிலவற்றை 'பள்ளி' அறையில் தயாராக வைத்திருக்கிறேன்.

இரண்டு பிள்ளைகள் உள்ளவர்கள் ஒரே கோப்பைப் பாதியாகப் பிரிக்காமல், வேறு வேறு நிறத்தில் இரண்டாக வாங்குவது நல்லது. அண்ணனின் தடுப்பூசிப் பதிவை எடுத்துக்கொண்டு தங்கையோடு கிளினிக்குக்குப் போய்விடும் குழப்பம் அப்போது நேராது. பிள்ளைக்குப் 12 வயதாகி, மைகிட்டுக்குப் பதிலாக மைகார்டு அடையாள அட்டை எடுக்கப் பதிவிலாகாவுக்குப் போகும்போது, அந்தக் கோப்பை முழுதாக எடுத்துச் சென்றுவிடலாம்.